புதுப்பிப்பு: பழைய ஆட்டோ கியர் கார், கியர் வழுக்கல் தீர்ந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் நான்தான். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது என் பழைய ஆட்டோ கியர் காரில் கியர் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கியர் எண்ணெய் மாற்றியதில் பெரிய வித்தியாசமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கிக்டவுன் கேபிளை இறுக்கியதும் கியர் தாமதமாக மாறியது, அவ்வளவுதான். ஷிப்ட் கிட் (கியரைச் சீக்கிரம் மாறவைக்கும் உதிரிபாகத் தொகுப்பு) போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. எண்ணெயில் கருகல் வாடை இல்லாததால், கிளட்ச் கருகியிருக்காது என்று துணிந்து, கியர்பெட்டிக்குள் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியைக் கழற்றினோம். எண்ணெய் அழுத்தம் ஏறுவதை மெதுவாக்கும் அக்குமுலேட்டருக்குக் கெட்டியான ஸ்பிரிங், வால்வ் பாடித் தகட்டில் எண்ணெய் போக சற்றுப் பெரிய துளை. கிளட்ச்சுக்கு அழுத்தம் சீக்கிரம் ஏறுவதால், செம்பனைத் தோட்டத்து மேட்டிலும் இப்போது கியர் பட்டென்று விழுகிறது.

எதிர்பாராதது ஒன்று: அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘டங்’ என்று சத்தம். தவறு கிட்டில் இல்லை, என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றியதும் அடங்கிவிட்டது. கிட் போடுமுன் அதைப் பாருங்கள்.