பாதிக்கப்பட்ட நிலம்: அவரா, அதுவா?

செல்வம்,

நம் கலைச்சொல் பட்டியலில் 'நிலைமாறுகால நீதி'யை (போர் முடிந்த பின் அதன் கொடுமைகளுக்கு நீதி தேடும் முறை) அப்படியே விட்டுவிடுவோம். இலங்கையில் பத்திரிகை முதல் பயிற்சிப் பட்டறை வரை அதுதான் பாவனையில் இருக்கிறது; இனி மாற்றினால் குழப்பம்தான். எனக்கு இடறுவது அடுத்த சொல், ஆங்கிலத்தில் 'victim'.

கொலம்பியாவில் 2016 சமாதான உடன்படிக்கையால் உருவான சிறப்பு நீதிமன்றம், 2019 நவம்பரில் அவா பழங்குடியினரோடு அவர்களுடைய 'கட்சா சு' நிலப்பரப்பையும் ஸ்பானிய மொழியில் 'விக்டிமா', அதாவது victim, என்று ஏற்றுக்கொண்டது. 2020 ஜனவரியில் நாசா என்ற பழங்குடி மக்களின் நிலத்துக்கும் அதே இடம் கிடைத்தது. அரசோடு போரிட்ட ஃபார்க் கெரில்லாக்கள் எண்ணெய்க் குழாயைத் திரும்பத் திரும்பத் தகர்த்தது அவா மக்கள் வாழும் பகுதியில்தான். 2015 ஜூனில் கச்சா எண்ணெய் ஆற்றில் இறங்கி, துமாக்கோ நகருக்குக் குடிநீரே நின்றது.

நிலத்தைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினால் இலக்கணம் உதைக்கிறது. 'பாதிக்கப்பட்டது' என்றாலோ வெறும் சேதமான சொத்து; உரிமையாளரிடம் நட்டஈட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். 'பாதிக்கப்பட்ட தரப்பு' சரிவருமா? தரப்பு உயர்திணை, அஃறிணை பார்க்காது.

ரஜனி

---

ரஜனி அக்கா,

தரப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆவணத்தில் அரசுத் தரப்பு, கெரில்லாத் தரப்பு என்று சண்டை போட்டவர்களும் வருவார்களே? அடிபட்டவனுக்கும் அடித்தவனுக்கும் ஒரே சொல்லா?

'திணை'யையே எடுத்தால் என்ன? நிலம், நீர், தெய்வம், உணவு, தொழில் எல்லாம் அதற்குள் அடக்கம். அவா மக்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

செல்வம்

---

செல்வம்,

அழகான சொல்தான். ஆனால் உயர்திணைச் சிக்கலிலிருந்து தப்பப்போய் இன்னொரு திணையில் மாட்டுவானேன்? கிராமத்தில் வாக்குமூலம் எழுதும் பிள்ளைக்கு முதலில் முல்லையும் குறிஞ்சியும் நடத்த வேண்டிவரும். 'வாழிட'த்தை உயிரியல்காரர் எடுத்துக்கொண்டார்கள். 'வாழ்நிலம்' இன்னும் சும்மாதான் கிடக்கிறது.

தரப்பு பற்றி நீங்கள் சொன்னது நியாயம். மனிதருக்குப் 'பாதிப்புற்றோர்', நிலத்துக்குப் 'பாதிப்புற்ற வாழ்நிலம்' என்று வைப்போம். அடிச்சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வகை என்பது தெரியும். அவர், அது என்ற தகராறும் இல்லை. இப்படியே பட்டியலில் ஏற்றுகிறேன்.

அடுத்து 'இழப்பீடு' இருக்கிறது. ஆற்றுக்குக் காசோலை எழுத முடியாது. எண்ணெய்ப் படிவை அகற்றுவது, மீன் திரும்பும்வரை காவல் வைப்பது, சடங்கு நடந்த இடத்தை மீட்பது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். 'சீரமைப்பு' வேண்டாம், சாலை போடுகிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.

ரஜனி