பனை விதை நடும் முகாம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் வருகிறது. ஏரிக்கரையில் பனை விதை நடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே தயங்குகிற பிள்ளை. இப்போது குழி தோண்ட யார், விதை சுமக்க யார் என்று நோட்டில் பெயர்களை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறாள். பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

காந்தி நூற்றாண்டான 1969-ல் கல்லூரிகளில் தொடங்கிய திட்டம் இது. சான்றிதழுக்காக மட்டும் பிள்ளைகள் போய்வருவதில் எனக்கு உடன்பாடில்லை. நட்டது முளைக்க வேண்டும்.

விதைகளை எவ்வளவு ஆழத்தில், எத்தனை அடி இடைவெளியில் நடலாம்? வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டால் போதும்தானே? முளைத்து வந்ததும் ஆடு மாடு மேயாமல் எப்படிக் காப்பது? அப்புறம் முக்கியமான ஒன்று: சொன்ன வேலையைச் செய்யாத சக மாணவர்களிடம் சண்டையில்லாமல் எப்படி வேலை வாங்குவது? முகாம் நடத்திய ஆசிரியர்கள், முன்னாள் தொண்டர்கள் எழுதினால் பெரிய உதவி. உங்கள் பதில்களை அவளிடமே படிக்கக் கொடுக்கிறேன், முடிவு அவள் எடுக்கட்டும். விழுப்புரம் பக்கம் விதை சேகரிப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.