திருச்சி, ஜொகூர் (மலேசியா), சிங்கப்பூர்: பிளம்பர் சம்பள விவரம் தேவை

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே. இந்த மூன்று ஊரிலும் ஒரு பிளம்பருக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒப்பிட உங்கள் விவரம் தேவை. வெள்ளியை (அங்குள்ள டாலர், ரிங்கிட்) ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஐபிஏ கடிதத்தில் (வேலை பெர்மிட்டுக்கு முன் வரும் ஒப்புதல் கடிதம்) உள்ள அடிப்படைச் சம்பளத்தைச் சொல்லுங்கள். ஓடி (ஓவர்டைம்) சேர்த்த தொகை வேண்டாம். ஓடி கணக்கு அடிப்படையை வைத்துத்தான்: 12 × மாத அடிப்படை ÷ (52 வாரம் × 44 மணி நேரம்), அதை 1.5ஆல் பெருக்க வேண்டும். அடிப்படை 1,000 வெள்ளி என்றால் ஓடி மணிக்கு 7.87. அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டினால் இந்த ஓடி தொகைதான் அடிபடும். லெவியை (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் வரி) சம்பளத்தில் பிடித்தால் அது சட்டப்படி தவறு, அதையும் எழுதுங்கள்.

செலவில் தங்கும் இடம், கேட்டரிங் சாப்பாடு, போன் டாப்-அப், ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணம் தனித்தனியாக வேண்டும். ஏஜெண்டுக்குக் கட்டியதைப் பெர்மிட் மாதங்களால் வகுத்துச் சேருங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஜொகூரில் மாதச் சம்பளமா, நாள்கூலியா? திருச்சிக்காரர்கள் கூலியோடு, மாதம் உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பாத்ரூம் கணக்கில் காண்ட்ராக்ட் எடுத்தால் ஹெல்பர் கூலியைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.