கையால் செய்த புது லாங்ரைஃபிள்: பளபளப்பாக வாங்குவதா, பழசாக்கியதை வாங்குவதா?

லேஹை_வாசி:
வணக்கம். பென்சில்வேனியாவில் பெத்லஹேம் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். போன வருடம் பையனைக் கூட்டிக்கொண்டு நாசரேத் அருகே ஜேக்கப்ஸ்பர்க் லாங்ரைஃபிள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவன் பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டான், எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது. 1700-களில் இந்த வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் செய்த துப்பாக்கிகள். தரையில் நிறுத்தினால் என் மோவாயைத் தொடும் நீளம், கட்டையில் கொடிக்கொடியாகச் செதுக்கல், பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி.

அசல் பழசுக்கு என் பை தாங்காது. ஆனால் அதே முறையில் இன்றும் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அப்படி இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புத்தம் புதிது. தேன் நிறக் கட்டை, பித்தளை கண்ணைக் கூசுகிறது, 4200 டாலர். இன்னொன்று வேறொரு கொல்லர் செய்தது. வேண்டுமென்றே இருநூறு வருடப் பழசு போல ஆக்கியிருக்கிறார், 5500. மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது. வீட்டில், "புது எவர்சில்வர் குடத்தை நசுக்கிக் கொடுங்கன்னு கூடக் காசு கொடுப்பீங்களா?" என்று ஒரே கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகன்:
தம்பி, கென்டக்கியில் இருக்கிறேன். என்னிடம் ஐந்து இருக்கின்றன, ஐந்துமே இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் செய்தவை. அப்பா காரைக்குடிப் பக்கம் கதவு நிலை செய்த தச்சர், அதனால் நான் துப்பாக்கியை முதலில் மரமாகத்தான் பார்ப்பேன்.

பளபளப்பா பழசா என்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மரமும் இரும்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல கொல்லர் லாக்கின் (கல்லை எஃகில் அடித்துப் பொறி எழுப்பும் பகுதி) தகட்டில் விளக்குக் கரியைத் தடவி, பள்ளத்தில் வைத்து அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். நான் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு லாக்கைப் பதிக்க மனுஷர் ஒன்றரை நாள் எடுத்தார். "சந்துல நகம் போனா வேலை போச்சு" என்பார் அப்பா. இங்கே காகிதம்கூடப் போகக் கூடாது.

அடுத்தது குழல். எட்டுப் பட்டை இருக்கும். ஒரே தடிமனில் நேராக இருந்தால் மூக்கு கனத்துக் கை வலிக்கும். பழைய முறைப்படி செய்தது பின்பக்கம் தடித்து, நடுவில் மெலிந்து, வாய்ப்பக்கம் லேசாக விரியும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கையில் எடுத்தால் தெரியும். 44 அங்குலக் குழல் என்றாலும் இடதுகையில் அலுங்காமல் நிற்கும்.

குழலையும் லாக்கையும் கடையில் வாங்கிப் போடுவது குறை இல்லை. இன்று பெரும்பாலோர் அப்படித்தான். 1960-களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் வாலஸ் கஸ்லர் என்ற கொல்லர், இரும்புப் பட்டையைக் காய்ச்சிச் சுருட்டிக் குழல் செய்வதிலிருந்து எல்லாவற்றையும் 18-ம் நூற்றாண்டுக் கருவிகளாலேயே செய்து காட்டினார். அந்த மாதிரி வேலைக்கு விலை வேறு, காத்திருப்பும் வேறு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழசாக்குவது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஹெர்ஷல் ஹவுஸ் என்ற கொல்லர் செய்த, பித்தளைக்குப் பதில் இரும்பு பூட்டிய ரைஃபிள்களைப் பாருங்கள், நேற்றுவரை யாரோ காட்டில் தூக்கித் திரிந்தது மாதிரி இருக்கும். ஆனால் கை எங்கே படும் என்று தெரிந்தவர்தான் அதைச் செய்யலாம். தூக்கிப் போகும்போது பிடிக்கிற இடம், அதாவது லாக்குக்குக் கொஞ்சம் முன்னால், மழமழவென்று தேய்ந்திருக்க வேண்டும். தரையில் ஊன்றுகிற அடி முனை மழுங்கியிருக்க வேண்டும். வெடிமருந்து பற்றிச் சீறுகிற துளையைச் சுற்றி மரம் கருகியிருக்க வேண்டும். சங்கிலியால் அடித்தது மாதிரி உடம்பெல்லாம் ஒரே அளவில் வடு இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அழுக்கும் வடுவும் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறைக்கவும் உதவும், அதையும் மனசில் வையுங்கள்.

கூடுதல் 1300 தேய்மானத்துக்கு மட்டும்தானா என்றும் கேளுங்கள். அவரது கையில் செதுக்கு வேலை அதிகமாக இருக்கலாம்.

எடுத்ததும் சுத்தியலை இழுத்து "டக்"கென்று விட்டுப் பார்க்காதீர்கள், கொல்லரின் முகம் மாறிவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி கொத்தாக, மருந்து வைக்கும் கிண்ணியில் விழ வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் அந்த லாக் சரியில்லை.

கல்பொறி_நியூஜெர்சி:
அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம். கருமருந்து போட்டு வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக மற்ற துப்பாக்கிகளோடு சேர்ப்பதில்லை. மாநிலச் சட்டம் அப்படி இல்லை, எங்கள் நியூஜெர்சியில் இதற்கும் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். வீடு மாறுகிற யோசனை இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அங்கே நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும், "இது கலைப்பொருள் சார்" என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று என் சொந்த அனுபவம். ஆறு வருடம் முன் படத்தை மட்டும் பார்த்து, பழசாக்கிய ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். குழலில் பெயர் இல்லை, வருடம் இல்லை. விற்றவர் யாரிடம் வாங்கினார் என்பதும் அவருக்கு நினைவில்லை. பின்னால் விற்கப் போனபோது ஒருவர் "இது அசலா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் யார் செய்தது என்றார். தெரியாது என்றேன். கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது 1810-ல் செய்ததாகிவிட்டிருக்கும். பழசாக்கியதை வாங்கினால் பெயரும் வருடமும் வெட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தச்சன்மகன்:
கல்பொறி சொன்னது சத்தியம். என் ஐந்திலும் குழலின் மேல்பட்டையில் பெயர் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டுக் கொல்லர் ஜேக்கப் டிக்கர்ட் காலத்திலேயே பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் பெயர் வெட்டினார்களே, இப்போது வெட்ட என்ன கூச்சம்?

இன்னொன்று தம்பி, அவசரம் இல்லையென்றால் ஆகஸ்டில் லெக்சிங்டனுக்கு வாருங்கள். 1996-ல் ஆரம்பித்த கன்டெம்பரரி லாங்ரைஃபிள் அசோசியேஷன் அங்கே ஆண்டுக் கண்காட்சி நடத்துகிறது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கில் கையில் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், மீன் குழம்புக்கு நான் பொறுப்பு.

லேஹை_வாசி:
ஆகஸ்டு வரை பொறுக்க முடியவில்லை அண்ணா, மன்னிக்கவும். சனிக்கிழமை இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

பழசாக்கியதில் குறையே இல்லை. பெயர் இருந்தது, 2014 என்று வருடமும் இருந்தது. லாக்கைக் கழற்றியே காட்டினார், உள்ளே பள்ளம் வெண்ணெயில் வெட்டியது மாதிரி. நீங்கள் சொன்ன இடங்களில்தான் தேய்மானம். பணத்தை எடுக்கப் போனவன் சும்மா தோளில் வைத்துப் பார்த்தேன். கட்டை எனக்கு நீளம்! ஆறடி ஆள் ஒருவருக்காகச் செய்ததாம், நான் ஐந்தடி நாலு. கழுத்தை நீட்டிக் கொக்கு மாதிரி நின்றேன். அவரே சிரித்துவிட்டு, "இது உங்களுக்கு இல்லை" என்றார்.

அங்கிருந்து புதியதைப் பார்க்கப் போனேன். தோளில் வைத்ததும் கன்னம் தானாகக் கட்டையில் உட்கார்ந்தது, கண் நேராகக் குறியில். சந்தில் நகமும் போகவில்லை, காகிதமும் போகவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பியபோது மேப்பிள் வரிகள் புலிக்குட்டி நடப்பது மாதிரி அசைந்தன. இந்த நிறத்துக்குக் கொல்லர் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசுவாராம். முதலில் மரம் பச்சையாகப் போய்விடுமாம், சூடு காட்டினால் சிவந்து வருமாம். மிச்சத் துண்டு ஒன்றில் செய்து காட்டினார். பச்சை சிவப்பாக மாறிய அந்த ஐந்து நொடியில் 4200 டாலர் போய்விட்டது.

இப்போது ஹாலில் இருக்கிறது. ஒரு சந்தேகம். பித்தளையில் அதற்குள் கைரேகை விழுந்துவிட்டது, வீட்டில் புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்கிறாள்.

தச்சன்மகன்:
புளி வேண்டாம்!! அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குழல் இரும்பில் பட்டால் மறுநாளே துரு. மெல்லிய துணியில் துளி எண்ணெய் தொட்டு இரும்பை மட்டும் துடையுங்கள். பித்தளையைச் சும்மா விடுங்கள். உங்கள் கையே பட்டுப் பட்டு நாலைந்து வருடத்தில் அது மங்கிவிடும், அதற்கு யாருக்கும் 1300 கொடுக்க வேண்டாம்.