பிள்ளையார் நோன்புக்கு விடுப்பு கேட்பது எப்படி?

காரைக்குடியான்:
சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் வரும் நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் டிசம்பரிலேயே அமைவதால், ஆண்டிறுதி வேலையைக் காட்டி மேலாளர் விடுப்பை மறுத்துவிடுகிறார். தீபாவளிக்கு எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை. இதற்கோ ஒவ்வோர் ஆண்டும் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கு வராமலே நோன்பை நிறைவேற்றலாமா?

கண்டனூர் ஆச்சி:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. புது வேட்டியிலிருந்து நாளுக்கொன்றாகப் பிரித்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றிச் சுடரோடு உட்கொள்வதற்கு, இழை எடுத்துத் தர மூத்தவர் ஒருவர் வேண்டுமே தவிர, சொந்த ஊர் கட்டாயமன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் ஓரிடத்தில் கூடி எடுத்துக்கொள்கிறார்களே!

தேவகோட்டையான்:
ஆச்சி சொல்வது முறைப்படி சரிதான். ஆயினும் பங்காளிகள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) கூடியிருக்க, ஐயா கையால் இழை வாங்குவதற்கு ஈடாக எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், புது நாட்காட்டி வந்தவுடனேயே எழுத்து மூலம் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் எந்த மேலாளரும் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

காரைக்குடியான்:
நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. இந்த ஆண்டு அரைநாள் விடுப்பு கேட்டு, அம்பத்தூரில் இருக்கும் பெரியப்பா வீட்டிலேயே இழை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுவேன்.