அசோர் அஹாயும் கடைசி வீரனும் ஒரே ஆளா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' கற்பனை நாவல்களைப் படித்தவர்களிடம் ஒரு உதவி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலை வைத்துப் பதில் வேண்டாம் மக்களே, அது வேறு வண்டி.

கதையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகை மூடிய இருளும் குளிருமான 'நீண்ட இரவை' முடித்தவன் யார்? கிழக்கே அசோர் அஹாய் என்கிறார்கள். வாளை நீரில் தோய்த்தான், உடைந்தது. சிங்கத்தின் நெஞ்சில் பாய்ச்சினான், அதுவும் உடைந்தது. கடைசியில் மனைவி நிஸ்ஸா நிஸ்ஸாவின் மார்பில். வடக்கே ஓல்டு நான் என்ற தாதிக்கிழவி சிறுவன் பிரானுக்குச் சொல்வதோ 12 தோழர்களோடு கிளம்பிய கடைசி வீரனின் கதை. அவன் வாள் குளிரில் உறைந்து முறிகிறது. 2014-இல் வந்த துணைநூல் 'தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' அந்த வீரனுக்கு ஹிர்கூன், யின் தார் என்று இன்னும் பெயர்களை அடுக்குகிறது.

எல்லாம் ஒரே ஆள்தான் என்று ரசிகர்கள் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அந்தத் துணைநூலே கதைக்குள் வரும் மேஸ்டர் (அறிஞர்) யாண்டல் எழுதியதாகத்தான் வருகிறது. அவருக்குத் தெரிந்ததும் செவிவழிக் கதைதானே! பழைய வரலாறுகள், ஆண்டல்கள் என்ற இனத்தார் கடல் கடந்து வந்தபிறகு எழுதப்பட்டவை என்று நாவலில் வரும் சாம்வெல்லும் சொல்கிறான்.

பெயர்ப்பட்டியலை விட்டுவிட்டு, எல்லாம் ஒரே ஆள் என்பதற்கு நாவல்களுக்குள்ளேயே ஆதாரம் உண்டா? எந்த அத்தியாயம் என்று மட்டும் சொன்னால் போதும், தேடிக்கொள்கிறேன். ஐந்து நாவல்களும் முடித்தாயிற்று, ஸ்பாய்லர் பயம் வேண்டாம்.