கிளே பாரைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

நீல_பலேனோ:
கார் பெயின்டில் ஒட்டிப் பிடித்த அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டிதான் கிளே. என்னுடையது மீடியம் கிரேடு (நடுத்தரக் கடுமை), 200 கிராம் கட்டி. ஒரு கார் முழுக்கத் தேய்த்து முடித்ததும் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. வெந்நீரில் பிசைந்து கழுவினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீடியோ. ஒரு காருக்கு மேல் தொடவே கூடாது என்று இன்னொன்று. எதை நம்புவது? கார் அடர் நீலம். லேசாக ஒரு கோடு விழுந்தாலும் வெயிலில் பல்லிளிக்கும்.

மெழுகு_மணி:
தாராளமா கழுவலாம் பாஸ். ஒரு பேசின்ல கை பொறுக்கிற சூட்டில் தண்ணி, 2 லிட்டர் போதும். ஷாம்பு வேண்டாம், ரின்ஸ்லெஸ் வாஷ் (அலச வேண்டாத கார் கழுவுற திரவம்) கொஞ்சம் ஊத்திக்கங்க. கட்டியைத் தண்ணிக்குள்ளேயே வெச்சு இழுத்து, மடிச்சு, மறுபடி இழுத்து அஞ்சு நிமிஷம் பிசையணும். தண்ணி கலங்கும், பேசின் அடியில பொடி படியும். அதெல்லாம் வெளியே வந்த அழுக்குதான். இப்படிச் செஞ்சா 200 கிராமை நாலு காருக்கு ஓட்டலாம். காருக்கு ஒரு கட்டிங்கிறது விக்கிறவன் போடுற கணக்கு.

ஸ்வர்ல்_வேட்டை:
தண்ணீர் கலங்குவது உண்மை. ஆனால் கலங்குவது எது? கட்டியின் மேலே ஒட்டியிருந்த லூப் (கிளே வழுக்குவதற்காக அடிக்கும் திரவம்) மிச்சமும் தளர்வான தூசியும். அந்தத் தூசி கிளே எடுப்பதற்கு முன்னாடியே வாஷில் போயிருக்க வேண்டியது. கிளே எடுக்கிற சரக்கு வேறு: பிரேக் தூளிலிருந்தும் ரயில் பாதை ஓரத்திலிருந்தும் வந்து கிளியர்கோட்டில் (பெயின்டின் நிறமற்ற மேல்பூச்சு) குத்தி நிற்கும் இரும்புத் துகள், பெயின்ட் ஓவர்ஸ்பிரே (பறந்து வந்து ஒட்டிய ஸ்பிரே பெயின்ட் துளி), தார்ப்புள்ளி, மரப்பிசின். இவை கட்டிக்குள் அமுங்கிவிடும். கிளேயின் அடிப்படைப் பொருள் பாலிபியூட்டீன் வகைப் பாலிமர். அதற்குள் தண்ணீர் இறங்காது. இறங்காத இடத்தை எப்படிக் கழுவுவீர்கள்?

சந்தேகம் இருந்தால் கட்டியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கழுவிய கட்டியிலும் உள்ளே சாம்பல் வரிகள் வளைந்து வளைந்து ஓடும். பிசையப் பிசைய அதே வரிகள்தான் மறுபடி மேலே வரும்.

மெழுகு_மணி:
சாம்பல் நிறம் இருந்தாலே கீறும்னு யார் சொன்னா? கிளேக்குள்ள ஏற்கெனவே அரைப்பொருள் கலந்துதான் வருது. கிளே பாருக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கின ததாவோ கொதாதேயோட கலவையிலேயே நுண்பொடி உண்டு. அதோட கொஞ்சம் தூசி சேர்ந்தா குடி முழுகிடாது. இரும்புதான் பயம்னா கட்டி மேல இரும்புத் துகளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் அடிங்க. ஊதாவா வழியும், கழுவிட்டுப் போங்க.

ஸ்வர்ல்_வேட்டை:
கலவையில் இருக்கும் பொடி ஒரே அளவில் சலித்துச் சேர்த்தது. வெளியிலிருந்து வருகிற துகளுக்கு அளவும் இல்லை, வடிவமும் இல்லை. ஒரு பெரிய துகள் மேல்முகத்தில் நின்றாலே போதும், பானெட் நீளத்துக்குக் கோடு.

அயர்ன் ரிமூவரும் தண்ணீரில் கரைந்த மருந்துதான். தொட்ட இடத்து இரும்போடு மட்டும்தான் வினைபுரியும். மேலே ஊதா வழிந்ததும் அதே கட்டியைக் கிழித்து உள்முகத்தில் அடியுங்கள், மறுபடி ஊதா வழியும். தார் ரிமூவர், தின்னர், பெட்ரோல் என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அவை பாலிமரையே இளக்கும். அப்புறம் கட்டி பிசுபிசுத்துப் பெயின்டில் ஈஷும், அதைத் துடைத்தெடுப்பது தனி வேலை.

நீல_பலேனோ:
கீறுகிறதா இல்லையா என்று காரில் வைக்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

மெழுகு_மணி:
பழைய சிடி ஒண்ணு எடுங்க. பளபளக்கிற பக்கத்துல லூப் அடிச்சு, கிளேயை அழுத்தாம பத்து இழுப்பு. துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஸ்வர்ல்_வேட்டை:
சிடியின் பாலிகார்பனேட் கிளியர்கோட்டைவிட மென்மையானது. புதுக் கிளேயும் அதில் கோடு போடும். சிடியை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்து, ஒரு பாதியில் புதுக் கிளே, மறுபாதியில் கழுவிய கிளே என்று தேய்த்தால்தான் ஒப்பிட முடியும். புதுசு விடுவது மங்கலான ஆவி மாதிரி ஒரு படலம். பழையதில் தனித்தனியாக ஆழமான கோடு தெரிந்தால் அந்தக் கட்டி பெயின்டுக்கு லாயக்கில்லை.

பாலிஷ்_பேட்:
இரண்டு பேரும் கட்டியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கட்டி சீக்கிரம் சாவது இரண்டு காரணத்தால்: காரைச் சரியாகத் தயார் செய்யாதது, லூப் போதாதது.

தயாரிப்பு. வாஷ் முடிந்ததும் நிழலில், தொட்டால் குளிர்ந்திருக்கும் பேனலில் அயர்ன் ரிமூவர். 3 முதல் 5 நிமிடம் விட்டு, காய்வதற்கு முன் நன்றாக அலசுங்கள். கீழ்ப்பகுதிக்கு மட்டும் தார் ரிமூவர், மறுபடி அலசல். மணி கட்டிக்கு அடிக்கச் சொன்ன அந்த மருந்துக்கு உரிய இடம் இதுதான். பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பேனலைத் தடவினால் சொரசொரப்பு எங்கே மிச்சம் என்று விரலுக்குத் தெரியும். அங்கே மட்டும் கிளே போதும். கண்ணாடி மாதிரி வழுக்குகிற கதவில் கிளே தேய்ப்பது வீண் வேலை.

லூப். ரின்ஸ்லெஸ் வாஷை 1:64 கணக்கில் கலக்குங்கள், லிட்டருக்கு 16 மில்லி. போர் தண்ணீரில் கலக்கக் கூடாது. உப்புக் கூடிய தண்ணீர் வெயில் நாளில் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும், அது இன்னொரு தலைவலி. ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஷாம்பு நுரையை லூபாகப் பயன்படுத்தினால் சில கிளேக்கள் இளகிக் குழைந்துவிடும். அதைத்தான் பலர் ‘கட்டி தேய்ந்துவிட்டது’ என்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி பகுதி எடுத்து, பேனலிலும் கட்டியிலும் வழிய வழிய அடியுங்கள். கட்டி இழுபட்டால் லூப் போதவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

மெழுகு_மணி:
லூப் விஷயம் சரி. ஆனா நாலு காருக்கு ஓட்டலாம்னு நான் சொன்னதை யாரும் பொய்யாக்கலையே?

ஸ்வர்ல்_வேட்டை:
ஓடும், கழுவியதால் அல்ல. 200 கிராமை முழுசாக எடுப்பதே தப்பு. புதுசாக இருக்கும்போதே 50 கிராமாக நாலு துண்டு போடுங்கள். ஒன்றை உள்ளங்கையில் தட்டி மூன்று விரல் அகல வடையாக்கி, ரூஃபில் ஆரம்பித்து பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்குங்கள். அரை பேனலுக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முகம் கறுத்திருந்தால் உள்ளே மடித்துப் புதுமுகம் எடுங்கள். மடித்தும் சுத்தமான முகம் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டுக்குப் பெயின்டில் வேலை முடிந்தது. சக்கரத்துக்குப் பின்பக்கமும் கதவின் அடிவிளிம்பும் எப்போதும் பழைய துண்டுக்கு.

வட்டமாகத் தேய்க்காதீர்கள், நேர்க்கோட்டில் இழுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் வரும், பிறகு சத்தமே இல்லாமல் வழுக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்ப்பது கிளியர்கோட்டைத்தான்.

நீல_பலேனோ:
கீழே விழுந்தால்?

மெழுகு_மணி:
குப்பைத் தொட்டி. இதுல எனக்கும் வேட்டைக்கும் சண்டை இல்ல. தரை மணல் ஒரு துளி ஏறினாலும் போச்சு, அதை எந்த வெந்நீரும் எடுக்காது.

ஸ்வர்ல்_வேட்டை:
மற்ற அழுக்கை மட்டும் எடுத்துவிடுமாக்கும்!

பாலிஷ்_பேட்:
கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கிளே மிட் இருக்கிறது. மைக்ரோஃபைபர் முதுகில் ரப்பர் போன்ற பாலிமர் பூச்சு. துகள் உள்ளே போவதில்லை, மேலேயே நிற்கும், பக்கெட்டில் அலசினால் போய்விடும். தரையில் விழுந்தாலும் அலசி, கண்ணால் பார்த்து, மறுபடி எடுக்கலாம். புதுசாக வாங்கினால் முதலில் முன்கண்ணாடியில் லூபோடு இரண்டு நிமிடம் தேய்த்துப் பழக்குங்கள், இல்லாவிட்டால் பூச்சின் தடம் பெயின்டில் ஒட்டும். குறையும் உண்டு: ஒரே கிரேடில் கட்டியைவிட மிட் கொஞ்சம் அதிகம் மங்க வைக்கும். கைப்பிடிக் குழி, லோகோ இடுக்கு போன்ற இடங்களில் நுழையாது. அங்கே கட்டிதான்.

நீலக் காருக்கு மென்மையான ஃபைன் கிரேடு வாங்கியிருக்க வேண்டும். மீடியம் போட்டாகிவிட்டதால் மங்கல் இருக்கும், ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்று கொடுத்துவிடுங்கள். பழைய வாக்ஸையும் கிளே வழித்திருக்கும், பாலிஷுக்குப் பின் புதுசாகப் போட வேண்டும்.

நீல_பலேனோ:
சரி, இந்தச் சாம்பல் கட்டியை என்ன செய்ய?

ஸ்வர்ல்_வேட்டை:
முன்கண்ணாடிக்கும் அலாய் வீலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணாடி, பிறகுதான் வீல். வீலைத் தொட்ட துண்டு வேறெதையும் தொடக் கூடாது. டப்பாவில் ‘வீல்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

மெழுகு_மணி:
வைக்கும்போது மேல லூப் ரெண்டு ஸ்பிரே அடிச்சு, காத்துப் புகாத டப்பால போடுங்க. காருக்குள்ள விட்டுடாதீங்க, மே மாச வெயில்ல இளகி டப்பாவோட ஒட்டிக்கும். காஞ்சு இறுகிப் போனா வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் போட்டா இளகும். அதுக்காவது வெந்நீரை விடுங்கப்பா.